பாரம்பரியத்தை ஓரமாக வைத்துவிட்டு வேதத்தை வாசிக்க முடியுமா?

கோட்டைவாசி, சேலம் (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் மாதம் இருமுறை கூடும் வேதபாடக் குழுவை நடத்தி வருகிறேன். நான் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன். சென்ற கூடுகையில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர், "சபை மரபு, தமிழ்ப் பண்பாடு, பெரியவர்கள் சொன்ன விளக்கம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசித்தால் போதாதா?" என்று கேட்டார். ஆதாரமாக மாற்கு 7ஆம் அதிகாரத்தைக் காட்டினார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களிடம், உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு சொன்ன பகுதி அது. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. குழுவில் எவரும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கிரேக்க மூலத்தையும் தமிழையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. மாற்கு 7இல் 'பாரம்பரியம்' என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் 'பரதோசிஸ்' என்ற சொல் நிற்கிறது. கையளிக்கப்பட்டது என்பது அதன் பொருள். இதே சொல் 2 தெசலோனிக்கேயர் 2:15இல் வருகிறது. அங்கே பவுல் அதைக் கைக்கொள்ளுங்கள் என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'முறைமைகள்' என்கிறது. 1 கொரிந்தியர் 11:2இலும் அதே சொல் வருகிறது. அங்கே அது 'கட்டளைகள்' ஆகிவிடுகிறது. விட வேண்டியது என்றால் பாரம்பரியம், பற்றிக்கொள்ள வேண்டியது என்றால் முறைமை அல்லது கட்டளை. ஆகவே 'பாரம்பரியம் கெட்டது' என்று வேதமே சொல்வதுபோல் தமிழ் வாசகருக்குத் தோன்றுவதில், மொழிபெயர்த்தவர்களின் சொல்தேர்வுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பாரம்பரியத்தை விட்டு வாசிக்கச் சொன்ன தம்பியின் கையில் இருந்த நூலே, 1871இல் ஹென்றி பவர் என்ற மிஷனரி ஐயர் தலைமையில் ஒரு குழு முடித்துக் கொடுத்த ஒரு பாரம்பரியம் அல்லவா? அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

சூரமங்கலம் சகோதரன்

ஸ்தோத்திரம். அண்ணன் ஆராய்ந்து எழுதியிருப்பதை மதிக்கிறேன். ஆனாலும் என் பயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'அது அந்தக் காலத்துக் கலாசாரம்' என்ற ஒரு வாக்கியம் கையில் கிடைத்துவிட்டால், வேதத்தில் நமக்குப் பிடிக்காத எந்தக் கட்டளையையும் அதைக் கொண்டு தள்ளிவிடலாம். முதலில் முக்காடு போகும், பிறகு நகையைப் பற்றிய வசனம் போகும், பிறகு திருமணத்தைப் பற்றிய வசனம் போகும். என் தாயார் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். கிரேக்கம் என்று ஒரு மொழி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்படியானால் அவர்கள் நாற்பது வருடமாக வாசித்தது வீண் என்கிறீர்களா? ஆவியானவர் எளியவர்களுக்கு வெளிப்படுத்துவார் என்பதை விசுவாசிக்கிறோம். வசனம் தெளிவாக இருக்கும்போது அதைக் கலைக்கும் ஆராய்ச்சியால் யாருக்கு லாபம்?

கோட்டைவாசி, சேலம்

வீண் என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். "ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள்" என்று ரோமர் 16:16 சொல்கிறது. கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதிய நிருபங்களிலும் அது வருகிறது. இதைவிடத் தெளிவான வசனம் வேண்டுமா? உங்கள் சபையில் யாரும் முத்தமிடுவதில்லை. 'ஸ்தோத்திரம்' என்று கைகூப்புகிறீர்கள். அன்பையும் மரியாதையையும் காட்டுவதுதான் கட்டளை, முத்தம் அந்த ஊர் வழக்கம் என்று யாரோ ஒருவர் என்றோ முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு சரியானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது ஒரு விளக்கம்; நீங்கள் செய்யாமல் உங்களுக்காகச் செய்து வைக்கப்பட்ட விளக்கம்.

மலைமேல் ஆசிரியை, ஏற்காடு

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுக்கு வரும் முகச்சுளிப்பு எங்களுக்கு வராது, ஏனென்றால் விவிலியமும் திருமரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று கற்றே வளர்ந்தோம். அதே சமயம், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடு, எழுதியவர் எந்தச் சூழலில், எந்த இலக்கிய வகையில், எதைச் சொல்ல நினைத்து எழுதினார் என்று தேட வேண்டும் என்று வலியுறுத்துகிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பண்பாடு எப்போதும் கண்ணை மறைக்கும் திரைதான் என்ற எண்ணத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பிள்ளைகள் போடும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் ஒரு சத்திரக்காரர் வருவார். கதவைத் திறந்து, இடமில்லை என்று சொல்லிச் சாத்திக்கொள்வார். லூக்கா நற்செய்தியில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. உங்கள் மொழிபெயர்ப்பில் 'சத்திரம்', எங்கள் திருவிவிலியத்தில் 'விடுதி' என்று இருக்கும் சொல், கிரேக்கத்தில் 'கத்தலுமா'. அதே லூக்கா 22:11இல் இயேசு சீடரோடு பாஸ்கா உண்ட வீட்டின் அறையை அதே சொல்லால்தான் குறிக்கிறார். நல்ல சமாரியர் காயப்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த, காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கு அவர் 10:34இல் வேறொரு சொல்லை வைத்திருக்கிறார். எனவே 2:7இல் நிரம்பியிருந்தது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 'தங்குமிடம்' என்று பொதுவாகவும் அச்சொல்லுக்குப் பொருள் கொள்ள முடியும் என்பதால் இதை முடிந்த முடிவாக நான் சொல்லவில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது நகரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், வீட்டுக்குள் எப்படி மாட்டின் தீவனத் தொட்டி வரும் என்று கேட்டார்கள். மலைக்கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவிக்கு அந்தச் சந்தேகம் எழவே இல்லை. இரவில் கன்றையும் ஆட்டையும் தாங்கள் படுக்கும் கூரைக்கு அடியிலேயே கட்டுவது அவள் பாட்டி வீட்டில் பழக்கம். அவள் இன்னொன்றும் சொன்னாள்: "சொந்த ஊருக்கு வந்த பங்காளியை, அதுவும் நிறைமாதப் பெண்ணோடு வந்தவரை, யார் சத்திரத்துக்கு அனுப்புவார்கள் மிஸ்? இடம் இல்லை என்றால் நெருக்கிக்கொண்டாவது படுப்பார்கள்." முதல் சாமுவேல் 28:24இல் ஏந்தோரில் இருந்த பெண் தன் வீட்டிலேயே கொழுத்த கன்றை வைத்திருந்ததை அதன்பின் எடுத்துக் காட்டினேன். ஐரோப்பிய ஓவியங்களும் வாழ்த்து அட்டைகளும் நமக்குக் கொடுத்த தனித்த கொட்டிலைவிட, அந்தப் பிள்ளையின் பாட்டி வீடு பெத்லகேமுக்கு அருகில் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரன்

டீச்சரம்மா எழுதியதை வாசித்தபின் நானும் எழுதலாம் என்று துணிந்தேன். எனக்கு மூல மொழி எதுவும் தெரியாது, வெள்ளி தெரியும். மூன்று தலைமுறையாகக் கொலுசு வேலை.

கர்த்தர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுவதுபோல் சுத்திகரிப்பார் என்று சொல்லும் மல்கியா 3:3ஐ வைத்து ஒரு பிரசங்கக் கதை சுற்றுகிறது. ஒரு பெண் தட்டாரிடம் போய், வெள்ளி சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாராம். என் முகம் அதில் தெரியும்போது என்று அவர் சொன்னாராம். இந்தக் கதையைக் குறைந்தது இருபது முறையாவது கேட்டிருப்பேன், ஒருமுறை என் பட்டறையின் ஜெபக்கூட்டத்திலேயே கேட்டேன். வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கனன்று ஒளிரும் மூசைமேல் குனிந்து முகம் பார்க்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் கதையைப் புனைந்தவர் முழுவதும் தவறவும் இல்லை. பழைய முறையில் வெள்ளியை ஈயத்தோடு உருக்கிக் காற்றூதிப் புடமிடும்போது, ஈயம் எரிந்து கழிந்து முடியும் கணத்தில் மேற்பரப்பு பளிச்சென்று மின்னும். அதைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். அதனால்தான் அந்த வேலையை உட்கார்ந்தே செய்ய வேண்டும், எழுந்து போக முடியாது. "அவர் உட்கார்ந்து" என்று வசனம் ஏன் தொடங்குகிறது என்பது எந்தப் பிரசங்கத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, அடுப்படியில்தான் கிடைத்தது.

ஆனால் என் வருத்தம் அந்தக் கதையைப் பற்றியது அல்ல. அந்த வசனத்தின் பின்பாதியை யாரும் வாசிப்பதில்லை. புடமிடப்படுகிறவர்கள் யார்? 'லேவியின் புத்திரர்'. ஆசாரியர்கள்! ஊனமான மிருகத்தைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஆசாரியரை முதல் அதிகாரத்திலிருந்தே கடிந்துகொண்டு வரும் தீர்க்கதரிசி, அவர்களைத்தான் நெருப்பில் போடப்போகிறார் என்கிறார். அதை எடுத்து, கடன் தொல்லையிலும் நோயிலும் இருக்கும் விசுவாசியிடம், 'உன்னைத்தான் கர்த்தர் புடமிடுகிறார், பொறுத்துக்கொள்' என்று பிரசங்க பீடத்தில் நிற்பவர் சொல்கிறார். வசனம் அவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அவர் அதை எங்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். இதற்குக் கலாசாரம் என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டியதில்லை. பக்கத்து வரியை வாசித்தால் போதும்.

சூரமங்கலம் சகோதரன்

பட்டறைக்கார அண்ணன் சொன்னது என்னைக் குத்தியது. நானும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் முக்காட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. 1 கொரிந்தியர் 11:10, "ஆகையால் தூதர்களினிமித்தம் ஸ்திரீயானவள் தலையின்மேல் முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்" என்கிறது. தூதர்களைக் காரணமாகக் காட்டும் ஒரு கட்டளை எப்படி ஊர் வழக்கமாகும்? தூதர்களுக்கு ஊர் ஏது?

கோட்டைவாசி, சேலம்

கேள்வி வலுவானது. அதற்கு முன், அந்த வசனத்தின் கிரேக்கத்தில் 'முக்காடு' என்ற சொல்லே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பது 'எக்சூசியா', அதாவது அதிகாரம். "சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று மத்தேயு 28:18இல் வருகிறதே, அதே சொல். பெண் தலையின்மேல் அதிகாரம் உடையவளாயிருக்க வேண்டும் என்பது நேர்ப்பொருள். அது கணவனின் அதிகாரத்துக்கு அடையாளமா, ஜெபிக்கவும் தீர்க்கதரிசனம் சொல்லவும் அவளுக்கு உள்ள சொந்த அதிகாரமா என்று இன்றளவும் வாதிடுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வாதத்தை நமக்குக் காட்டாமலேயே முடித்து, முடிவை மட்டும் வசனமாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். கோயிலில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிடும் நாட்டில் அந்த முடிவு அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும்.

கொரிந்துவைப் பற்றியும் ஒன்று. கி.மு. 146இல் ரோமர் அழித்த அந்த நகரம் கி.மு. 44இல் ரோமக் குடியேற்ற நகரமாக மீண்டும் எழுந்தது. ரோமரில் பலியிடும் ஆண் தன் மேலாடையைத் தலைக்கு இழுத்து மூடிக்கொள்வது வழக்கம். லூக்கா 2:1இல் வரும் அகுஸ்துராயனின் சிலை ஒன்று, தலையை அவ்வாறு மூடிய கோலத்தில், கொரிந்துவிலேயே கிடைத்திருக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டாம் என்று பவுல் சொன்னதை அந்த ஊரார் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் ஆண்கள் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வதுபோல், அவர்களுக்கும் உடை பேசும் ஒரு மொழி இருந்திருக்கிறது.

முக்காடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் தாயார் பக்தியோடு போடும் முக்காட்டைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் அதே அதிகாரத்தின் 5ஆம் வசனம் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. முக்காட்டைக் கண்டிப்பாகக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காதே என்று சொல்லும் சபை, அந்த அதிகாரத்தில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் கைக்கொள்கிறது. தூதர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் நிறைவான விடை இல்லை, தம்பி.

அஸ்தம்பட்டி வாசகர்

எல்லாரும் கிரேக்கம் பேசுகிறீர்கள். நான் தமிழைப் பற்றிப் பேசுகிறேன். "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று மத்தேயு 28:19ஐயும், "பரிசுத்த ஜாதி" என்று 1 பேதுரு 2:9ஐயும் மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தேன். அந்தக் காலத் தமிழில் ஜாதி என்றால் இனம், தேசத்தார் என்ற பொருளும் உண்டு. மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பொருளில்தான் எழுதினார்கள். இன்றைக்கு ஒரு பிள்ளை அதை வாசித்தால் என்ன விளங்கும்? திருவிவிலியம் 'மக்களினத்தார்' என்று மாற்றியிருப்பதைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

ஆனால் சொல்லை மாற்றியதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. எங்கள் உறவினர் ஒருவரின் சபையில் (ஊரையும் சபையையும் சொல்ல வேண்டாம்) கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்பது எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்ற கலாத்தியர் 3:28 வசனத்தை அங்கேதான் ஒவ்வோர் அடக்கத்தின்போதும் வாசிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையின் வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் புலவரும், பக்தரும்கூடச் சாதி வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர்தான். அவருடைய பாடல்களை நாம் உருகிப் பாடுகிறோம். வேதத்தை நேசிப்பவர் தன் சாதியை வேதத்தில் காணாமலே இருந்துவிட முடியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆசிரியை சொன்னதற்கும் இது பொருந்தும். யோவான் 4:9இல் யூதர்கள் சமாரியரோடு 'சம்பந்தங்கலவாதவர்கள்' என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. சம்பந்தம் கலப்பது என்றால் என்னவென்று தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தனிக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடையைப் பார்த்த ஒருவன், கிணற்றடியில் ஒரு யூதர் "தாகத்துக்குத் தா" என்று சமாரியப் பெண்ணிடம் கேட்டதைப் படிக்கும்போது பதறாமல் இருக்க முடியாது. அந்தப் பதற்றம் வராமல், சமாரியப் பெண்ணுக்கு ஐந்து புருஷர் இருந்ததை மட்டும் வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கிப்பதுதான் நம் வழக்கம்.

அடிவாரத்து ஓய்வுபெற்ற ஆயர்

நாலு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். முக்கால் மணி நேரப் பிரசங்கத்தில் எனக்கும் பங்குண்டு. லேவியின் புத்திரரில் நானும் ஒருவன் என்பதால் பட்டறைக்காரரின் அடியையும் வாங்கிக்கொள்கிறேன்.

பொறியியல் படிக்கும் தம்பிக்குச் சொல்லுங்கள்: ஓரமாக வைக்க முடியாது, எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்ள முடியும். புத்தாண்டு இரவு ஆராதனையில் நாம் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். அதற்கு முந்தின வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வரப்போவதில்லை. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டு, தோட்டம் போடு, உன்னைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபி. அந்தப் பகுதியை அட்டையில் அச்சடித்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நான் முப்பது வருடம் அட்டை கொடுத்தவன். ஒருமுறையும் பத்தாம் வசனத்தை அச்சடிக்கவில்லை.

சூரமங்கலத்துத் தம்பியின் பயம் பொய்யல்ல. பின்னணியைக் காரணம் காட்டி வசனத்தை மழுங்கடிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பின்னணியைத் தெரிந்துகொண்டபின் வசனம் எனக்கு வசதியாகிவிட்டால் சந்தேகப்படுவேன். முன்பைவிடக் கூர்மையாகி என் பக்கம் திரும்பினால் சற்று நம்புவேன்.

சூரமங்கலம் சகோதரன்

ஐயா, நன்றி. நேற்று இரவு மல்கியா மூன்றாம் அதிகாரத்தை முழுவதும் என் தாயாரோடு வாசித்தேன். மூன்றாம் வசனம் எங்களுக்குத் தெரியும். பத்தாம் வசனமான தசமபாகம் நன்றாகவே தெரியும். நடுவில் ஐந்தாம் வசனத்தை இருவருமே இதுவரை கேட்ட ஞாபகம் இல்லை. "விதவைகளும் திக்கற்ற பிள்ளைகளுமாகிய கூலிக்காரரின் கூலியை" அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் சாட்சியாயிருப்பேன் என்கிறார். தாயார் உடனே, "அப்படியென்றால் விதவைக் கூலிக்காரருக்கு மட்டும்தானா இது?" என்று கேட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் கேட்ட கேள்வி. எபிரெயத்தில் எப்படி இருக்கிறது என்று ஐயா சொல்ல முடியுமா?

அடிவாரத்து ஓய்வுபெற்ற ஆயர்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அறுபது வருடமாக அந்த வசனத்தை வாசித்தும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. எபிரெயத்தில் 'ஆகிய' என்று இணைக்கும் சொல் இல்லை. கூலிக்காரனின் கூலி, விதவை, திக்கற்ற பிள்ளை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஒடுக்கப்படுகிறவர்களின் வரிசையில் கூலிக்காரன் தன் பெயரிலேயே நிற்கிறான். தமிழில்தான் மூவரும் ஒருவராகிவிட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரன்

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் பட்டறையில் ஐந்து பேர் கூலிக்கு வேலை செய்கிறார்கள். அவர்களில் விதவையும் இல்லை, திக்கற்ற பிள்ளையும் இல்லை. வெள்ளி விலை ஏறியபோது சேதாரக் கணக்கை எப்படிப் பிடித்தேன் என்பதை இந்த இழையில் எழுத எனக்கு மனமில்லை. சனிக்கிழமை கூலி போடும்போது பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.